அண்மையில் வந்தவற்றில் எது இல்லாவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம்?

நிலாவின்_அம்மா (வெள்ளவத்தை)

மகள் தரம் 9. தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பேச்சு எழுத வேண்டும், தலைப்பு "அண்மைக்காலக் கண்டுபிடிப்புகளும் மனித வாழ்வும்". டீச்சர் கொடுத்த மாதிரிப் பேச்சை நேற்று இரவு வாசித்துப் பார்த்தேன். நான் 1994இல் பாடமாக்கி ஒப்புவித்த அதே பேச்சு! அவையோர்க்கு வணக்கம் சொல்லி, விஞ்ஞானத்தின் விந்தைகளைக் கண்டு வியந்து, கணினி, தொலைபேசி, செயற்கைக்கோள் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அணுகுண்டைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு "ஆக்கத்துக்கே பயன்படுத்துவோம்" என்று கைதட்டல் வாங்கி இறங்குவது. முப்பது வருடத்தில் ஒரே ஒரு மாற்றம், அணுகுண்டுக்குப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மகள் கேட்டாள், "இதிலே எது அம்மா உங்களுக்கு உண்மையாகவே உதவியது?" வாஷிங் மெஷின் என்றேன். அது பாட்டி காலத்துச் சாமான், அண்மைக்காலம் இல்லை என்று தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு யோசிக்கிறேன், யோசிக்கிறேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. புதுப் போன், புது டிவி என்று வாங்கிக் குவித்திருக்கிறோம், ஆனால் எது வாழ்க்கையை இலேசாக்கியது என்று கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். எப்போது கண்டுபிடித்தார்கள் என்பது பிரச்சினையில்லை, கடந்த இருபத்தைந்து முப்பது வருடத்துக்குள் நம் கைக்கு வந்ததாக இருந்தால் போதும். நாளைக் காலையில் அது இல்லாமற் போனால் இரவுக்குள் உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. பொதுவாக "இணையம்" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகாமல் உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். மகளும் வாசிக்கிறாள், கெட்ட வார்த்தை வேண்டாம்.

---

மூன்றுசில்லு (தெமட்டகொடை)

அக்கா, என்னைக் கேட்டால் கியூஆர். கடையில் காசு கட்டுகிற கியூஆர் இல்லை, பெற்றோல் கியூஆர்.

2022 ஜூன், ஜூலையில் நாடே பெற்றோலுக்குத் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஒரு தடவை இரண்டு இரவும் மூன்று பகலும் வரிசையில் கிடந்தேன். ஓட்டோவின் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்து, மகன் சைக்கிளில் கொண்டுவந்த சோற்றை அங்கேயே தின்று, முன்னால் உள்ள வண்டி நகர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், ஏனென்றால் ஸ்டார்ட் பண்ணினால் டாங்கியில் இருக்கிற சொட்டும் போய்விடும். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் பதினொரு வண்டி நிற்கும்போது கயிற்றைக் கட்டி "முடிந்துவிட்டது" என்றார்கள். எந்தப் பெற்றோல் ஷெட் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பின்பக்கத்தால் கேன் கேனாகப் போனதை என் கண்ணால் கண்டேன்.

ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து கியூஆர் இல்லாமல் அடிக்க முடியாது என்று வந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20. ஐந்து லீட்டரை வைத்துக்கொண்டு என்ன ஹயர் ஓடுவது என்று நானும் கத்தினேன்தான். ஆனால் அந்த ஐந்து எனக்கென்று இருக்கிறது, வேறு யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்த பிறகு இரவில் வீட்டில் படுத்தேன். அதுவே பெரிய காரியம்.

மகன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான், இந்தக் கட்டம் கட்டமான சதுரத்தை 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற கம்பனியில் மசஹிரோ ஹரா என்பவர் செய்தாராம், கார் உதிரிப்பாகங்களை எண்ணுவதற்கு. காப்புரிமை அவர்களிடம் இருந்தும் யாரும் பாவிக்கலாம், காசு தரத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் சொன்னான், படத்தில் ஏறக்குறைய 30 வீதம் வரை பழுதானாலும் வாசிக்கிற மாதிரிச் செய்யலாமாம். என்னுடைய அட்டை மழையில் நனைந்து, ஓரத்தில் எண்ணெய் பட்டு, நடுவில் மடிப்பு விழுந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கடைசி வரை ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

---

சும்மா_ஒரு_கேள்வி (தெஹிவளை)

டொலர் இல்லாமல் வந்த பஞ்சம் அண்ணா அது. கியூஆர் ஒரு சொட்டுப் பெற்றோலையும் கொண்டுவரவில்லை, இருந்த தட்டுப்பாட்டைப் பங்கு போட்டது, அவ்வளவுதான். எங்கள் தாத்தா காலத்தில் அரிசிக் கூப்பன் புத்தகம் இருந்தது, அந்தக் காகிதத்தாலும் இதைச் செய்திருக்கலாம். இதை எப்படி வாழ்க்கையை மேம்படுத்திய கண்டுபிடிப்பு என்று சொல்வது? 2023 செப்டம்பரோடு அதுவும் போய்விட்டது, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

---

மூன்றுசில்லு (தெமட்டகொடை)

கூப்பன் தாளைப் போலியாக அச்சடிக்கலாம் தம்பி. ஒரு ஷெட்டில் காட்டிவிட்டு இன்னொரு ஷெட்டில் அதே நாளில் காட்டவும் வழி தேடுவார்கள். இதைக் காட்டினால் தங்கொட்டுவையில் அடித்தது தெமட்டகொடையில் தெரியும். பங்கு போடுவதும் ஒரு வேலைதான், பந்தியில் பரிமாறிப் பார்த்தவனுக்குத் தெரியும். போனது நல்லதுதான், தேவையில்லாமற் போனதால் போனது.

---

சம்பல்_கட்சி (கிருலப்பனை)

கரண்டில் ஓடுகிற தேங்காய்த் திருவலை. விவாதமே இல்லை. ஏழு பேர் வீடு, நாளுக்கு மூன்று தேங்காய், இருபது வருடம் பலகையில் குந்தி இருந்து திருவிய முழங்கால் இது. அடுத்த ஆள் வரலாம்.

---

பெரியம்மா_60 (பம்பலப்பிட்டி)

இப்போதைய பிள்ளைகளுக்கு "கொமினிகேஷன்" என்றால் என்னவென்று தெரியாது, நிலா பிள்ளை, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? காலி வீதியில் நூறு அடிக்கு ஒன்று இருந்தது. கடையின் பின்பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு பெட்டி, உள்ளே ஒரு போன், சின்ன மின்விசிறி, சுவரில் ஓடுகிற மீட்டர்.

1997இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் எட்டு மாதம் இருந்தோம். தம்பி கனடாவில். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு எடுப்பான் என்று ஏற்பாடு. ஆறரைக்கே போய் வாங்கில் குந்திவிடுவோம். எடுக்கிறவன் அங்கே காசு கட்ட, வருகிற அழைப்புக்கு இங்கே கடைக்காரரும் நிமிடக் கணக்கில் எடுப்பார். நமக்கு முன்னால் இருக்கிறவர் கதைத்து முடிக்க வேண்டுமே என்று எல்லாரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்போம், உள்ளே இருப்பவர் அழுதாலும் தெரியும், சிரித்தாலும் தெரியும். எங்கள் சின்னம்மா சுவிஸில் இருந்த மகனுக்குப் பெண் பேசி முடித்ததே அந்தப் பெட்டிக்குள்தான், வெளியில் இருந்த பதினைந்து பேரும் சீதனம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள். என் அப்பா செத்த செய்தியைத் தம்பிக்குச் சொன்னதும் அதே பெட்டிக்குள். நான்கு நிமிடம். அதற்கு மேல் கையில் காசு இல்லை, "வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவன் அங்கே என்ன செய்தான் என்று எனக்கு இரண்டு கிழமை தெரியாது.

வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015இல் வந்தது, முகம் பார்ப்பது 2016 நவம்பரில். அம்மாவுக்கு இப்போது 86. தினமும் காலையில் தம்பி எடுப்பான், அவனுக்கு அங்கே முதல் நாள் இரவு. அம்மா இன்று வரை போனைச் சரியாகப் பிடித்ததில்லை, அவனுக்குத் தெரிவது பாதி நெற்றியும் மின்விசிறியும்தான், ஆனால் அவன் அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. சில நாட்கள் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. அவன் அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாத்திவைத்துவிட்டுச் சமைப்பான், அம்மா இங்கே வெற்றிலை இடிப்பார். ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கிற வசதி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் யாருக்கும் கிடைக்கவில்லை.

இதே சாமானில்தான் காலையில் பூப்படமும் பொய்ச் செய்தியும் வருகிறது என்று யாரும் தொடங்க வேண்டாம், எனக்கும் தெரியும்.

---

இரவுக்கடமை (கொட்டாஞ்சேனை)

பதினெட்டு வருடமாகத் தாதி. நான் சொல்லப்போவது ஒரு மெஷின் இல்லை, ஒரு தாள். கட்டம் போட்ட ஒரு தாள்.

டெங்கு பற்றி. 2009இல் இலங்கையில் ஏறக்குறைய 35,000 பேருக்கு வந்தது, 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர். 2017இல் இதுவரை இல்லாத பெருந்தொற்று, 1,86,000 பேருக்கு மேல், வார்ட்டில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டிருந்தோம், நடக்க இடமில்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 440. கணக்குப் போட்டுப் பாருங்கள், நானூற்றுச் சொச்சம் பேருக்கு ஒருவர். ஒவ்வொரு உயிரும் உயிர்தான், ஆனால் பழைய கணக்கிலேயே போயிருந்தால் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் போயிருக்கும். இடையில் புது மருந்து ஒன்றும் வரவில்லை. டெங்குவைக் கொல்ல இன்றும் மருந்து இல்லை.

வந்தது என்னவென்றால், தாய்லாந்து வைத்தியர்கள் பல வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த ஒரு முறை. நம் வைத்தியர்கள் அங்கே போய்ப் படித்து வந்தார்கள், 2010ஐ ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரே வழிகாட்டல் வந்தது. விஷயம் இதுதான். டெங்கு கடுமையானால் ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிகிறது. அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம்தான், தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் ஆள் அதிர்ச்சிக்குப் போவார். பயத்தில் சேலைனைக் கூட ஏற்றிவிட்டால் அது கசிந்து நெஞ்சுக்குள் நிறைந்து மூச்சை அடைக்கும். முன்னெல்லாம் இரண்டாவதாலும் ஆட்களை இழந்திருக்கிறோம், யார் மீதும் பழி போட முடியாது, அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே 48 மணித்தியாலத்துக்கு ஒரு மொத்தக் கணக்கு. 50 கிலோ ஆளுக்கு 4,600 மில்லிலீட்டர், வாயால் குடிக்கிற இளநீர், கஞ்சி எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, நாடி, பிரஷர் எல்லாம் கட்டத்தில் விழ வேண்டும், சில மணித்தியாலத்துக்கு ஒரு முறை பிசிவி, அதாவது ரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்கிற சோதனை. அந்த ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 25 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் டொக்டரை எழுப்புவேன், திட்டினாலும் பரவாயில்லை. தாளில் கோடு சரிந்து வருவது கண்ணுக்குத் தெரியும், ஆள் சரிவதற்கு முன்னால்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. காய்ச்சல் விட்டதும் "சுகம்" என்று வீட்டுக்குள் விருந்து வைக்காதீர்கள், கசிவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். சிவப்பு, மண்ணிற பானங்களும் வேண்டாம், வாந்தி எடுத்தால் ரத்தமா சர்பத்தா என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. பப்பாசி இலைச் சாற்றைக் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு நான்காம் நாள் நள்ளிரவில் கொண்டுவராதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

---

சும்மா_ஒரு_கேள்வி (தெஹிவளை)

இதற்கு நான் எதிர்ப் பேச்சு வைத்திருக்கவில்லை அக்கா. ஒன்று மட்டும், 2020இல் நுகேகொடைப் பக்கம் நுளம்பையே கொண்டுவந்து விட்டார்களே, அது என்ன ஆனது? எங்கள் மாமி இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

---

இரவுக்கடமை (கொட்டாஞ்சேனை)

வொல்பாக்கியா என்ற பக்டீரியா. ஏறக்குறைய பாதிப் பூச்சி இனங்களில் இயற்கையாகவே இருக்கிறது, ஆனால் டெங்குவைப் பரப்புகிற நுளம்பில் இயற்கையாக இருப்பதில்லை. அதை நுளம்புக்குள் வைத்துவிட்டால் டெங்கு வைரஸ் அதன் உடலில் பெருகுவது கஷ்டம், குஞ்சுகளுக்கும் பரம்பரையாகப் போகும். இந்தோனேசியாவில் யோக்யகார்த்தா நகரத்தில் பாதி இடத்தில் விட்டு, பாதி இடத்தில் விடாமல் பார்த்தார்கள், விட்ட இடத்தில் டெங்கு 77 வீதம் குறைவு. நான் வார்ட்டில் இருப்பவள், இங்கே எவ்வளவு பிடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாத விஷயத்தில் வாய் வைக்க மாட்டேன். மாமியிடம் பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விட வேண்டாம் என்று சொல்லுங்கள், அவருடைய நுளம்பு அவருடைய வீட்டு நுளம்பாகத்தான் இருக்கும்.

---

கரண்ட்_அண்ணை (மட்டக்குளி)

கரண்ட் போனாலும் எரிகிற பல்ப். பெரிய பேச்சு இல்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். மகளுக்கு மே மாதம் ஓ.எல். சோதனை. மெழுகுதிரியும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யானை விலை. ஒரு சார்ஜிங் பல்பை மேசைக்கு மேலே போட்டுவிட்டேன், பிள்ளை படித்தாள். சாதாரண ஹோல்டரில் போட்டு ஸ்விட்சைப் போட்டு வைத்தால் போதும், கரண்ட் இருக்கும்போது தானாகச் சார்ஜ் ஏறும், போனால் தானாக எரியும். நாங்கள் ஸ்விட்சை அணைத்தோமா, கரண்ட்தான் போனதா என்று அதற்கு எப்படித் தெரியும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஸ்விட்ச் போட்டிருந்தால் வீட்டில் உள்ள மற்றச் சாமான்கள் வழியாக வயர் சுற்று மூடியிருக்கும், பல்ப் அதைத்தான் பார்க்கிறது. விரலை இரண்டு முனையிலும் வைத்தால் உங்கள் கையிலேயே எரிவதும் அதனால்தான், சின்னப் பிள்ளைகளுக்கு மந்திரம் காட்டலாம்.

நிலா பிள்ளைக்குப் பேச்சில் போடப் பெயர் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பல்புக்குள் வெளிச்சம் தருவது எல்இடி என்ற சின்னச் சில்லு. அதில் சிவப்பு 1962இலேயே இருந்தது. நீலம் வராததால் வெள்ளை வெளிச்சம் எடுக்க முடியவில்லை. முப்பது வருடம் எல்லாரும் கைவிட்ட அந்த நீலத்தை அகாசாகி, அமானோ, நகமுரா என்று மூன்று பேர் விடாமல் நின்று எடுத்தார்கள், 2014இல் நோபல் பரிசு. உள்ளே இருக்கிற லித்தியம் பற்றரிக்கு 2019இல் வேறு மூன்று பேருக்கு. பெட்டிக்கடையில் தொங்குகிற ஒரு பல்புக்குள் இரண்டு நோபல் பரிசு. நான் கடையில் சொன்னால் "சரி, விலையைச் சொல்" என்கிறார்கள்.

மலிவானதை வாங்கினால் ஆறு மாதத்தில் பற்றரி செத்துவிடும். அதையும் சொல்ல வேண்டும்.

---

அச்சுக்காரன் (கொழும்பு 12)

நான் பாமினிக்காரன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் மலர், கவிதைத் தொகுதி, எல்லாம் இருபத்திரண்டு வருடமாகப் பாமினி எழுத்துருவில் அடித்தே சோறு தின்றவன். விரல் அதற்கே பழகிவிட்டது, இப்போதும் தூக்கத்தில் அடிப்பேன்.

என் பதில் யூனிகோட், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுத்து எல்லாக் கணினியும் ஒரே மாதிரி அறிய வைக்கிற முறை. ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் நான்தான் அதை நீண்ட காலம் திட்டியவன். 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் போட்டுவிட்டார்கள், எங்கள் கடைக்கு வர இருபது வருடம் எடுத்தது. பாமினி எப்படி வேலை செய்கிறது என்றால், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துத்தான், மேலே தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் அந்தியேட்டி அழைப்பிதழைத் தானே வேறொரு இடத்தில் கொடுத்து அச்சடித்தார், அங்கே வேறு எழுத்துரு. முந்நூறு கார்ட்டில் இறந்தவரின் பெயர் இருந்த இடத்தில் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும். அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

இப்போது ஆட்கள் போனிலேயே தமிழில் எழுதி அனுப்புகிறார்கள், வயதானவர்கள் வாயால் சொல்லி அனுப்புகிறார்கள், 2017இலிருந்து கூகிள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. ஒரு ஐயா தன் மனைவியின் நினைவு மலருக்கு முழுக் கட்டுரையும் சொல்லியே அனுப்பினார், நடுவில் "தேத்தண்ணி ஆறுது" என்று யாரோ கூப்பிட்டதும் அதில் விழுந்திருந்தது. எனக்கு வேலை குறைந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை, முன்பு பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டெழுதக் காசு வாங்கினேன்.

---

காதால்_வாசிப்பவன் (நுகேகொடை)

அச்சுக்கார அண்ணா, உங்கள் பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தேன். "கேட்டு" என்றுதான் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, இந்த உரையாடல் முழுவதையும் கணினி வாசிக்க நான் கேட்கிறேன்.

என் பதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற இளைஞர் தொடங்கினார், கூட்டாளி ஜேம்ஸ் டே, இரண்டு பேரும் பார்வையற்றவர்கள். அப்போது விலைக்கு விற்ற திரைவாசிப்பான் ஒரு கணினியை விட விலை கூட. இதை இலவசமாகக் கொடுத்தார்கள், இன்றும் இலவசம். தமிழும் வாசிக்கும், குரல் அழகில்லை, தகரத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி, எனக்கு அது பழகிய குரல், வேகத்தைக் கூட்டிவிட்டால் என் மனைவிக்கு ஒரு சொல்லும் விளங்காது, வீட்டில் ரகசியம் காக்க வசதி.

இது வருவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் பாடத்தைக் கசெட்டில் வாசித்துப் பதிந்து தந்தார்கள். நல்லவர்கள். ஆனால் அவர்களுக்கு நேரம் இருக்கும்போதுதான் எனக்குப் படிப்பு. என் சொந்தக் கடிதத்தையே இன்னொருவர் வாசித்துச் சொல்ல வேண்டும், காதல் கடிதம் உட்பட, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சிரித்ததற்குக் காரணம் வேறு. இங்கே தமிழ்ப் புத்தகக் கோப்புகள் பாதிக்கு மேல் உங்கள் பாமினியில்தான் என் கைக்கு வருகின்றன. நீங்கள் சொன்ன முகமூடி எனக்குத் தெரியாதே, எனக்குக் கேட்பது அடியில் இருப்பதுதான். "அம்மா" என்று ஒரு சொல் இருந்தால் கணினி எனக்கு எப்படி வாசிக்கும் தெரியுமா? எம், கே, செமிகோலன், கே, எச். ஒரு முழுச் சிறுகதையை இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சில சொற்களை அப்படியே இனங்காணவும் பழகிவிட்டேன்.

---

நிலாவின்_அம்மா (வெள்ளவத்தை)

இரண்டு நாளாகக் கறி அடிப்பிடிப்பது இந்தப் பதில்களால்தான்.

மகள் முழுவதையும் வாசித்தாள். பேச்சை மூன்று தடவை மாற்றிவிட்டாள். ஐந்து நிமிடம்தான் தருவார்களாம், ஆகவே மூன்று விஷயம்: தாதி அக்காவின் தாள், பெரியம்மாவின் கண்ணாடிப் பெட்டி, கடைசியில் எம் கே செமிகோலன். அதை மேடையில் சொல்லலாமா என்று கேட்கச் சொன்னாள். பல்ப் அண்ணையின் நோபல் கதைக்கு இடம் போதவில்லை, மன்னிக்கச் சொன்னாள், பல்ப் ஒன்று வாங்கிக் கையில் வைத்து எரித்துப் பார்த்துவிட்டாள். ஓட்டோ அண்ணாவுக்கும் தெஹிவளைத் தம்பிக்கும் நடந்த சண்டையில் அவள் ஓட்டோ அண்ணா பக்கம்.

டீச்சரிடம் காட்டினாளாம். "எல்லாம் சரி, அணுகுண்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

---

காதால்_வாசிப்பவன் (நுகேகொடை)

தாராளமாகச் சொல்லட்டும். செமிகோலனுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள், என் கணினி அப்படித்தான் நிறுத்தும்.

---

அச்சுக்காரன் (கொழும்பு 12)

நேற்று இரவு பூராவும் தூக்கமில்லை. என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருநூறுக்கு மேல் புத்தகக் கோப்பு இருக்கிறது, அத்தனையும் பாமினி. இதையெல்லாம் யாராவது காதால் கேட்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒரு சிறுகதைத் தொகுதியின் ஆசிரியர் என் கூட்டாளிதான், காலையில் எடுத்துக் கேட்டேன், சரி என்றார். யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டேன், மேற்கோள் குறி எல்லாம் குழம்பி வந்தது, கையால் திருத்தினேன். தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தம்பி, கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

காதால்_வாசிப்பவன் (நுகேகொடை)

வந்தது அண்ணா. முதல் கதை கேட்டு முடித்தேன். அம்மா அம்மாவாகவே வருகிறார். ஒரே ஒரு கரைச்சல், ஒவ்வொரு பக்க முடிவிலும் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் வசனத்தின் நடுவில் சொல்கிறது. "அவன் கதவைத் திறந்தபோது" என்று வந்து, பிறகு முப்பத்தேழு என்கிறது.

---

அச்சுக்காரன் (கொழும்பு 12)

அது நான் பக்கத்தின் அடியில் போட்ட வரி. இன்று கடை பூட்டிய பிறகு எடுத்துவிட்டு அனுப்புகிறேன். அடுத்தது கதையா, கவிதையா?